அறுபது என்றொரு கோடு

மாதம் ஒருமுறை எங்கள் அம்மச்சியின், அதாவது அப்பாவின் அம்மாவின், இடது பெருவிரல் ஊதா நிறமாகிவிடும். தபால்காரர் விவசாயத் தொழிலாளர் பென்ஷன் கொண்டுவரும் நாள் அது. அவர் திண்ணையில் உட்கார்ந்து மைப்பெட்டியைத் திறப்பார், அம்மச்சி விரலை நீட்டுவார். உருட்டி எடுத்ததும் விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார். நரைத்த முடியில் அந்தக் கறை இரண்டு நாள் போகாது. கேரள அரசு அந்தப் பென்ஷனைத் தொடங்கியது 1980-ல். அப்போது மாதம் 45 ரூபாய். பணம் வந்ததில் அம்மச்சிக்குப் பெருமைதான். மைதான் அவருக்குப் பிடிக்கவில்லை. “கூலிக்குப் போன காலத்துலகூட எனக்க கையில மை பட்டதில்ல மக்களே” என்று ஒருநாள் சொன்னார்.

எங்கள் ஊர் காஞ்சிரங்குளம். நெய்யாற்றின்கரைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. காஞ்சிரம் என்றால் எட்டி மரம். எட்டி நின்ற குளக்கரை என்ற பெயர்தான் ஊருக்கும் நிலைத்தது. கிழக்கே போனால் பாறசாலை, அதைத் தாண்டி இஞ்சிவிளை, அப்புறம் களியக்காவிளை, தமிழ்நாடு. எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். நான் அங்கன்வாடியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். சின்னப் பிள்ளைகளோடு இருந்தாலும் என் மனசு எப்போதும் போய் நிற்பது பெரியவர்களின் படிப்பில். இந்தப் பக்கத்தில் வயதானவர்கள் எப்படிப் படித்தார்கள், யார் அவர்களைப் படிக்க விட்டார்கள், யார் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு முந்தைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். இது பனை ஊர். ஆண்கள் பனை ஏறி அக்கானி (பதநீர்) இறக்குவார்கள், பெண்கள் காய்ச்சுவார்கள். கருப்பட்டி ஆகுமா, கெட்டுப்போகுமா என்று தீர்மானிக்கிற இடத்தில் மட்டும் வயதானவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கொதிக்கிற பாகிலிருந்து ஒரு துளியை எடுத்துச் சிரட்டைத் தண்ணீரில் விடுவார் அம்மச்சி. அதை விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டை நின்றால் “இறக்கு” என்பார். அந்த ஒரு சொல்லுக்காக மருமகள்கள் அடுப்பைச் சுற்றிக் காத்து நிற்பார்கள். பக்கத்துப் பாலராமபுரத்திலும் இதே கதைதான். அங்கே தமிழ் பேசும் சாலியர்கள் நெசவுக்காகக் குடியேறி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தறியில் உட்கார முடியாத வயதிலும் ராட்டையில் தார் சுற்றிக் கொடுக்கிற வேலை பாட்டிமாருக்கு இருந்தது. வயது ஏற ஏறக் கையில் பலம் குறைந்தாலும் கண்ணுக்கும் சொல்லுக்கும் மதிப்புக் கூடியது.

பனை ஏறுகிறவர்கள் குறைந்தார்கள். பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனார்கள், கொத்தனார் வேலைக்குப் போனார்கள். எங்கள் வீட்டு அக்கானி அடுப்பு நான் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் அணைந்துவிட்டது. அடுப்போடு சேர்ந்து அம்மச்சி உட்கார்ந்திருந்த இடமும் போனது. அதன்பிறகு அவர் வீட்டில் செய்ய வேண்டியதாக எஞ்சியது, நேரத்துக்குச் சாப்பிடுவதும் ஒதுங்கி உட்காருவதும்தான். முதியோர் கல்வி என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அணைந்த அடுப்புதான் ஞாபகம் வருகிறது. பெரியவர்கள் எழுத்தைத் தேடி வந்தது பொழுதுபோகாததால் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரையில், போன இடத்தைத் திரும்பப் பிடிக்கத்தான் வந்தார்கள்.

எழுத்து இந்தப் பக்கம் வந்த வழியும் சாதாரணமானதில்லை. மக்களின் படிப்புச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் 1817-லேயே ஆணையிட்டார். ஆணை இருந்தாலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் வாசல் திறக்கவில்லை. மயிலாடியில் 1806-ல் ரிங்கல்தௌபே தொடங்கிவைத்த லண்டன் மிஷன் பணி வடக்கே நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கமும் பரவியது. சபை இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. பிள்ளைகள் பகலில் படித்தார்கள். பெரியவர்கள் வேதக் கேள்வி பதிலையும் பாட்டையும் காதால் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். வேதப் பெண்கள் என்று அழைக்கப்பட்ட ஊழியக்காரிகள் வீடு வீடாகப் போய், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். வயது வந்தோர் கல்வி என்ற பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அடுப்படியில் நடந்த வயது வந்தோர் கல்வி அது.

இன்னொரு வழியை வெட்டியவர் வெங்கானூர் அய்யன்காளி. எங்கள் ஊரிலிருந்து வெங்கானூர் கூப்பிடு தூரம். அய்யன்காளி 1863-ல் பிறந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்கவிடாமல் தடுக்கப்பட்ட புலையர் சாதியில் பிறந்ததால் அவருக்கு எழுத்து கிடைக்கவில்லை. 1907-ல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று புலையர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1910-ல் பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனார். அதைப் பொறுக்காதவர்கள் அவள் உட்கார்ந்த பெஞ்சோடு பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். இன்றைக்கு அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் வைக்கப்பட்டிருக்கிறது. 1937 ஜனவரியில் காந்தி வெங்கானூர் வந்தபோது, தன் சமூகத்திலிருந்து பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்த்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்றார் அய்யன்காளி. அப்போது அவருக்கு 73 வயது. 1941-ல் காலமானார். தான் படிக்காத படிப்புக்காக 73 வயதிலும் ஒரு மனிதர் கணக்குக் கேட்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிரும். வயதானவர்களின் பங்கேற்பு என்று பேசுகிறவர்கள் முதலில் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு அடுத்து வந்தது வாயனசாலை. தமிழ்நாட்டில் படிப்பகம் என்பதை நாங்கள் இப்படித்தான் சொல்வோம். நீலம்பேரூர்க்காரர் பி.என். பணிக்கர், 1945-ல் 47 நூலகங்களின் ஆட்களை ஒன்றுகூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை உருவாக்கினார். பிறகு கேரளம் முழுக்க ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நூலகங்கள் அந்தச் சங்கிலியில் சேர்ந்தன. 1975-ல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருது அந்த வேலைக்குக் கிடைத்தது. அவர் இறந்த ஜூன் 19-ஐ கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. சின்ன வயதில் நான் பார்த்த வாயனசாலையில் புத்தகத்தைவிடப் பத்திரிகைக்குத்தான் கூட்டம். ஒருவர் சத்தமாக வாசிப்பார், பெஞ்சிலும் படியிலும் பாட்டாமார் உட்கார்ந்து கேட்பார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் அரசியலில் எதிர்க்கேள்வி போடுவதை அங்கேதான் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பெஞ்சில் ஒரு பாட்டியைக்கூடப் பார்த்ததில்லை.

1956 நவம்பர் 1-ல் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே எல்லை வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போய்க் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரையையும் சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. அது நடக்கவில்லை. அம்மச்சியின் தங்கை விளவங்கோட்டில் வாழ்க்கைப்பட்டவர். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரின் பேரப்பிள்ளைகளும் இரண்டு எழுத்துக்களைப் படித்து வளர்ந்தோம். அங்கிருந்து வரும் கடிதம் தமிழில் இருக்கும். எங்கள் வீட்டில் களியக்காவிளைக்காரியான என் அம்மாவுக்கு மட்டும்தான் அதை வாசிக்கத் தெரியும். தமிழ் எழுத்து மட்டும் தெரிந்த எத்தனையோ பெரியவர்கள் இந்தப் பக்கத்து ஆபீசில் போய் நின்றால் எழுத்தறியாதவர்கள்தான். அம்மச்சிக்கோ எந்த எழுத்தும் தெரியாது. பெட்டியில் ஒரு தமிழ் வேதாகமம் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துத் துணியால் துடைத்து மறுபடி உள்ளே வைத்துவிடுவார்.

இனி என் காலம். எர்ணாகுளம் மாவட்டத்தில் 1989-ல் முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பின் தொண்டர்களும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்தினார்கள். 1990 பிப்ரவரி 4-ல் அந்த மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த இயக்கம் குறிவைத்தது 5 முதல் 60 வயது வரை. மத்திய அரசின் தேசிய எழுத்தறிவு இயக்கம் 15 முதல் 35 வரை மட்டுமே பார்த்தது என்பதை நினைத்தால் 60 என்பது பெரிய மனசுதான். ஆனாலும் கோடு கோடுதான். அந்த இயக்கம் மாநிலம் முழுக்க வந்தபோது எனக்கு 22 வயது. நானும் கணக்கெடுக்கப் போனேன். பெயர், வயது, எழுதத் தெரியுமா, வாசிக்கத் தெரியுமா. வயது 60-ஐத் தாண்டினால் பேனா அடுத்த வரிக்குப் போய்விடும். எங்கள் வீட்டுக் கணக்கையும் நானே எடுத்தேன். அம்மச்சிக்கு 68. என் கையாலேயே அவரைத் தாண்டிப் போனேன்.

சாட்சரதா கிளாஸ், அதாவது எழுத்தறிவு வகுப்பு, எங்கள் வீட்டு முற்றத்திலேயே நடந்தது. இரவு ஏழு மணிக்கு அரிக்கேன் விளக்கோடு பெண்கள் வருவார்கள். கூலி வேலை முடித்து, மீன் விற்று, கஞ்சி வைத்துவிட்டு வருகிறவர்கள். ஆண்கள் இரண்டு மூன்று பேர். பக்கத்து வீட்டுப் பாட்டா ஒருவரும் வந்து உட்கார்ந்தார், எழுபதைத் தாண்டியவர், பழைய பனையேறி. பாடப் புத்தகம் எண்ணித்தான் என் கையில் இருந்தது. நான் அவரிடம், “பாட்டா, இது உங்க வயசுக்காரங்களுக்கு இல்ல, நீங்க வீட்டுல இரியுங்க” என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பிறகு வரவேயில்லை. யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை, அது என் வாயிலிருந்து வந்த சொல்தான். அவர் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது, அந்தத் துண்டு உதறிய சத்தம் இன்னும் என்னை விடவில்லை.

அம்மச்சியை மட்டும் என்னால் எழுப்ப முடியவில்லை. அது அவர் வீட்டு முற்றம். பின்வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் மூன்றாம் நாள் கேட்டார்: “எனக்க பேரு உங்க கணக்குல வேண்டாம் மக்களே. எனக்க பேர எழுத மட்டும் படிப்பிச்சுத் தா.”

சிலேட்டுக் குச்சி அவர் விரலுக்குள் நிற்கவில்லை. ஓலை முடைந்தும் விறகு ஒடித்தும் காய்த்துப்போன விரல்கள் மடங்காது. குச்சியை உலக்கை மாதிரி முழுக் கையால் பிடித்தார், அது ஒடிந்தது. இரண்டு குச்சி ஒடிந்த பிறகு எழுந்து போய் முறத்தை, எங்கள் பேச்சில் சுளவை, எடுத்துவந்தார். கடற்கரை மணலைச் சலித்துச் சுளவில் பரப்பினார். “எங்க அண்ணன் ஆசான்கிட்ட மணல்லதான் படிச்சான். நான் வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு பிடிச்சுட்டு நிப்பேன்” என்றார். நிலத்தெழுத்து ஆசானிடம் அண்ணன் படித்த பாடத்தை அறுபது வருஷம் கழித்துத் தங்கை எடுத்தார். ஆட்காட்டி விரலால் வளைவைப் போடுவார். தப்பானால் சுளவை ஒரு புடை புடைப்பார், மணல் சமமாகிவிடும். அரிசி புடைத்த கைக்கு அந்த அசைவு தெரியும். வளைவு நெளிவான மலையாள எழுத்து அவருக்கு விரலில் ஏறிய வேகத்தைப் பார்த்து மற்றப் பெண்களும் சுளவு கொண்டுவந்தார்கள். ஒரு மாதத்தில் என் வகுப்பில் பாதிப் பேர் மணலில்தான் எழுதினார்கள். பாடம் எடுத்தது நான்தான். வழி காட்டியது கணக்கில் சேராத அம்மச்சி.

ஆறு மாதம் கழித்து ஒரு பென்ஷன் நாளில் தபால்காரர் வந்தார், மைப்பெட்டியைத் திறந்தார். “அது வேண்டாம், பேனா தாரும்” என்றார் அம்மச்சி. படிவத்தை என் அங்கன்வாடிப் பிள்ளைகள் படம் வரைவதுபோல் முழங்காலில் வைத்துக்கொண்டு, நாக்கை லேசாகக் கடித்தபடி எழுதினார். ஐந்து நிமிடம் ஆனது. தபால்காரர் சைக்கிள் மணியைக்கூடத் தொடாமல் காத்திருந்தார்.

1991 ஏப்ரல் 18-ல் கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில் கேரளம் முழு எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா, அந்த இயக்கத்தில் எழுத்துக் கற்ற பெண். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் கேரளத்தின் எழுத்தறிவு 89.81 சதவீதம். தமிழ்நாட்டிலும் அறிவொளி இயக்கம் அதே காலத்தில் எழுந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். களியக்காவிளைச் சந்தையில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எங்கள் கிளாஸ் பெண்கள் ஒருவாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அறிவிப்போடு முற்றத்து விளக்குகள் அணைந்தன. அம்மச்சிக்கு மட்டும் படிப்பு முடியவில்லை. பெட்டியிலிருந்து வேதாகமத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். “இது வேற எழுத்தாக்கும். இத எப்பப் படிப்பிப்பே?” எனக்குத் தமிழ் பேசத் தெரியும், ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அன்றைக்கு என் அம்மா ஆசிரியையானார். 69 வயது மாமியாரும் 23 வயது மகளும் ஒரே சுளவில் அ, ஆ எழுதினோம். அம்மச்சி என்னைவிடப் பின்தங்கவில்லை, அவருக்கு வசனங்கள் மனப்பாடம். எந்த இடத்தில் எந்தச் சொல் வரும் என்று தெரிந்துகொண்டு எழுத்தைப் பிடிப்பார். எழுத்தைப் பிடித்துச் சொல்லுக்குப் போக வேண்டிய நான்தான் தடுமாறினேன். இன்றைக்கு நான் களியக்காவிளையிலிருந்து தமிழ்ப் பத்திரிகை வாங்கி வாசிப்பதும் இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதுவதும் அந்தக் கிழவியின் பிடிவாதத்தால் வந்தவை. முதியவர்களுக்குச் செலவழிக்கும் நேரத்தால் இளையவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

கோடு அதன்பிறகு மெல்ல நகர்ந்தது. கேரள எழுத்தறிவு இயக்கம் நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்று பள்ளிப் படிப்புக்கு இணையான துல்யதாப் பரீட்சைகளைக் கொண்டுவந்தது. அதற்கென்று வகுப்பு நடத்துகிறவரை பிரேரக் என்பார்கள். 2018 ஆகஸ்டில் எழுத்தறிவுக்கான அட்சரலட்சம் பரீட்சையை ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா எழுதினார். வயது 96, மதிப்பெண் நூற்றுக்கு 98. வீடுகளிலும் கோயில்களிலும் துப்புரவு வேலை செய்து வாழ்ந்தவர். அடுத்து என்ன என்று கேட்டதற்குக் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்றார். கொல்லத்துப் பாகீரதி அம்மா 105 வயதில் நான்காம் வகுப்புத் துல்யதாவில் 275-க்கு 205 வாங்கினார். 2020 மகளிர் தினத்தில் நாரீ சக்தி விருது பெற்றவர்களின் பட்டியலில் இருவர் பெயரும் இருந்தது. கென்யாவில் கிமானி மருகே என்ற முதியவர் 2004-ல், 84 வயதில், சிறுபிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்ததை உலகம் வியந்து பார்த்தது. எனக்கு அதில் வியப்பில்லை. முற்றத்தில் இடம் கொடுத்தால் வருகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்டது. எங்கள் மாவட்டத்துப் புல்லம்பாறை பஞ்சாயத்தில் தொடங்கிய வேலை அது. பயிற்சி பெற்ற 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் 90 வயதைக் கடந்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எர்ணாகுளம் மாவட்டத்தில் நூறு வயதைத் தாண்டிய ஒரு மௌலவியும் போன் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார். 1990-ல் 60-க்கு மேல் பேனா தாண்டிப் போனது, 2025-ல் நூறைத் தாண்டியவர் வீட்டிலும் நின்றது. இந்தத் தூரம் சும்மா வந்ததில்லை.

இருந்தாலும் எனக்கு ஒரு குறை உண்டு. 2011 கணக்குப்படியே கேரளத்தில் நூற்றுக்கு 12.6 பேர் 60 வயதைக் கடந்தவர்கள், இந்தியாவில் இதுதான் அதிகம். பகல் வீடுகள் வந்திருக்கின்றன, குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பில் முதியவர்களுக்கென்று அயல்கூட்டங்கள் இருக்கின்றன, முதியோர் ஆணையத்துக்குச் சட்டமும் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் பெரியவர்களிடம் கேட்பது, என்ன வேண்டும், என்ன மருந்து, எவ்வளவு பென்ஷன். உங்களுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. பாகின் பதம் பார்த்தவர், தார் சுற்றியவர், வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர் எல்லாம் அந்தப் பகல் வீட்டு நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கற்றுக்கொள்ள வருகிறவரிடம் கற்றுக்கொடுக்கவும் ஏதோ இருக்கும் என்று நம்பும் இடத்தில்தான் அவர்கள் தொடர்ந்து வருகிறார்கள். சுளவு எனக்குப் புரியவைத்தது அதைத்தான்.

இப்போது எனக்கு 57 வயது. அங்கன்வாடிப் பிள்ளைகள் போன பிறகு மாலையில் ஐந்தாறு பாட்டிகள் வருகிறார்கள். ஒருத்திக்கு மஸ்கட்டில் இருக்கும் மகனுக்குப் போனில் குரல் பதிந்து அனுப்ப வேண்டும். இன்னொருத்திக்கு 74 வயது. அவருக்கு வேண்டியது பஸ் போர்டை வாசிப்பது. பூவாறும் பொழியூரும் ப வரிசை எழுத்தில்தான் தொடங்கும், இரண்டு தடவை தப்பான பஸ்ஸில் ஏறி இறங்கியிருக்கிறார். இரண்டு பெயரையும் மணலில் எழுதிக் காட்டினேன். நாலு நாள் விரலால் தடவிப் பார்த்தார். அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, பனையோலையில் பெட்டி முடைவது. அதற்கு வாரத்தில் ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை அவர் தனியாகப் பொழியூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினார். வந்ததும் என்னிடம் டிக்கெட்டை நீட்டினார். அதை நான் வாங்கி, அம்மச்சி பெயர் எழுதிப் பழகிய நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மச்சியின் பெயர் மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் இருக்கிறது. மறுபடி எனக்குக் கணக்கெடுக்கும் வேலை வந்தால், பக்கத்து வீட்டுப் பாட்டாவிடம் கேட்காமல் விட்டதைக் கேட்பேன்: பாட்டா, உங்களுக்கு என்ன படிக்கணும்?